கைல ஒரே ஒரு ரை விஸ்கி பாட்டில்: ஓல்ட் ஃபேஷன்டா, மன்ஹாட்டனா, விஸ்கி சவரா, சாஸெராக்கா?

ரை விஸ்கி ஒரு பாட்டில் கைக்கு வந்தாச்சு, வீட்லயே ஏதாவது காக்டெயில் கலக்கிப் பாக்கலாம்னு ஆசை, ஆனா கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஓல்ட் ஃபேஷன்ட் பண்ணுங்கறார் ஒருத்தர், மன்ஹாட்டன் பண்ணலேன்னா ரை எதுக்குடாங்கறார் இன்னொருத்தர், விஸ்கி சவர்தான் ஈஸிங்கறார் மூணாவது ஆள், நாலாவது ஆள் சாஸெராக்னு சொல்லி ரெண்டு கிளாஸை வெச்சுக்கிட்டு வித்தை காட்றார். இதுல எது டேஸ்ட்டுன்னு கேட்டா முடிவே வராது, ஒழுங்கா பண்ணினா நாலுமே நல்லாதான் இருக்கும். நான் கேக்கச் சொல்ற கேள்வி வேற: இந்த பாட்டில் உங்க வீட்ல எத்தனை நாள்ல தீரும்? சிரிக்காதீங்க, முக்கால்வாசி முடிவு இதுலதான் இருக்கு, ஏன்னு மன்ஹாட்டன் வரும்போது சொல்றேன்.

முதல்ல கைல இருக்கறது என்ன ரைன்னு லேபிளைப் பாருங்க. அமெரிக்கச் சட்டப்படி ரை விஸ்கின்னா தானியக் கலவைல குறைஞ்சது 51 சதவீதம் ரைங்கற கோதுமை மாதிரி தானியம் இருக்கணும், உள்பக்கம் கருக்கின புது ஓக் பீப்பாய்லதான் ஊறணும். பர்பன்ங்கற இன்னொரு அமெரிக்க விஸ்கிக்கும் அதே மாதிரி விதிதான், ரைக்குப் பதிலா மக்காச்சோளம் 51. அதனாலதான் பர்பன் இனிப்பா கொழகொழன்னு வாய்ல நிக்கும், ரை கொஞ்சம் வறட்டுத்தனமா, மிளகு கடிச்ச மாதிரி நுனிநாக்குல சுர்ர்னு இருக்கும். கனடா பாட்டில்னா கதையே வேற, அங்க பழக்கத்துல விஸ்கிக்கே ரைன்னுதான் பேரு, உள்ள ரை தானியம் பெரும்பங்கா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. சில கனடா பாட்டில்ல 100 சதவீதமும் ரைதான், சிலதுல பேருக்குத்தான் ரை, அதனால பேரை மட்டும் நம்பாதீங்க.

அமெரிக்க ரைலயே ரெண்டு ஜாதி இருக்கு. ரிட்டன்ஹவுஸ் மாதிரி கென்டக்கி பக்கத்து ரைல 51-ஐ ஒட்டித்தான் ரை இருக்கும், மீதி பெரும்பாலும் மக்காச்சோளம், அதனால பர்பனுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். இன்டியானா மாநிலம் லாரன்ஸ்பர்க்ல வடிக்கற ரைல 95 சதவீதம் ரை, 5 சதவீதம் மால்ட் பார்லி, புலட் ரை அந்த ரகம்தான், புதினா மாதிரி பச்சிலை வாசனை தூக்கலா வரும். சவருக்கும் ஓல்ட் ஃபேஷன்டுக்கும் ரெண்டுமே ஓகே. வெர்மூத்ங்கற மூலிகை ஒயின் சேர்க்கறதுக்கு (மன்ஹாட்டன்ல அது வரும்) எனக்கு முதல் ரகம்தான் பிடிக்கும், ரெண்டாவதோட பச்சிலை வாசனையும் வெர்மூத்தோட மூலிகை வாசனையும் சேர்ந்தா கஷாயம் பக்கம் போயிடுதுன்னு எனக்குத் தோணும், சில பேருக்கு அதுதான் பிடிக்குது, அது அவங்க நாக்கு.

அதைவிட முக்கியம் ஸ்ட்ரெங்த். 40 சதவீதமா 45-ஆ 50-ஆ? ராவா குடிக்கறவங்களுக்கு 40 சுகமா இருக்கும், ஆனா காக்டெயில்ல ஐஸ் உருகி தண்ணி சேரும், வெர்மூத்தோ எலுமிச்சையோ சேரும், 40-ல ஆரம்பிச்சா கடைசில விஸ்கி எங்கயோ தூரத்துல நின்னு கை காட்டும். லேபிள்ல பாட்டில்ட் இன் பாண்ட்னு போட்டிருந்தா கண்ண மூடிட்டு எடுத்துக்கலாம், 1897-ல வந்த சட்டம் அது, ஒரே டிஸ்டிலரில ஒரே சீசன்ல வடிச்சு, குறைஞ்சது 4 வருஷம் ஊறி, சரியா 50 சதவீதத்துல அடைச்சதா இருக்கணும். கலப்படக்காரங்க தொல்லை தாங்காம கொண்டுவந்த சட்டம், இன்னிக்கு வீட்ல காக்டெயில் பண்றவனுக்கு உபயோகமா இருக்கு.

சரி, விஷயத்துக்கு வரேன்.

ஓல்ட் ஃபேஷன்ட்தான் இருக்கறதுலயே குறைஞ்ச சாமான் கேக்கறது. ரை 60 மில்லி, சுகர் சிரப் 5லேர்ந்து 7 மில்லி, அங்கஸ்துரா பிட்டர்ஸ்ங்கற கசப்பு மூலிகைச் சாறு 2 டேஷ் (பாட்டிலை ஒரு தடவை உதறினா விழறது ஒரு டேஷ்), பெரிய ஐஸ் கட்டி, ஆரஞ்சுத் தோல் ஒரு சீவல். அவ்வளவுதான். 1806-ல நியூயார்க் மாநிலத்துல ஹட்சன்ங்கற ஊர்ல வந்த ஒரு பத்திரிகைல, காக்டெயில்னா என்னன்னு வாசகர் கேட்டதுக்கு, சாராயம், சர்க்கரை, தண்ணி, பிட்டர்ஸ்னு பதில் போட்டாங்க, இன்னிக்கு ஓல்ட் ஃபேஷன்ட்ல இருக்கறது அதே நாலுதான், அதான் பழைய பாணின்னு பேரு. கூட வாங்க வேண்டியது பிட்டர்ஸ் மட்டும்தான், அதுவும் 44.7 சதவீதம் ஆல்கஹால், கெட்டே போகாது, 200 மில்லி பாட்டில் தோராயமா நூறு கிளாஸ் வரைக்கும் தாங்கும். வருஷக்கணக்குல ஷெல்ஃப்ல நிக்கும், ஒரு தொந்தரவும் கிடையாது.

ஆனா ஈஸின்னு நெனைச்சு ஏமாறாதீங்க. இதுல ஒளிஞ்சுக்க இடமே இல்ல, ரை நல்லா இல்லன்னா நல்லா இல்லதான். அப்புறம் அந்த சர்க்கரைக் கட்டி விவகாரம். படத்துல பாக்க அழகா இருக்கும், கட்டி மேல பிட்டர்ஸ் விட்டு நசுக்கறது, ஆனா ஆல்கஹால்ல சர்க்கரை லேசுல கரையாது, முதல் வாய் கசப்பு, கடைசி வாய் பாகுன்னு ஆயிடும், அடில மணல் மாதிரி தங்கும். நான் பத்து தடவையாவது அந்தக் கட்டியோட சண்டை போட்டுட்டு சிரப்புக்கு மாறிட்டேன். சர்க்கரை ஒரு பங்கு, சுடு தண்ணி ஒரு பங்கு, ஒரு பாட்டில்ல போட்டு குலுக்கினா வேலை முடிஞ்சது, ஃபிரிட்ஜ்ல ஒரு மாசம் வரைக்கும் இருக்கும். ஆரஞ்சுத் தோலைச் சும்மா மிதக்க விடாதீங்க, கிளாஸுக்கு மேல பிடிச்சு வெளிப்பக்கம் கீழ பாக்கற மாதிரி மடிச்சு அமுக்கணும், அந்த எண்ணெய் ஸ்ப்ரே மாதிரி பட்டாத்தான் வாசனை. உள்பக்க வெள்ளைச் சதை ஒட்டிட்டு வந்தா கசக்கும், மெல்லிசா சீவுங்க. பழத்தையும் செர்ரியையும் கிளாஸ்ல போட்டு நசுக்கி ஜூஸ் ஆக்கறவங்களும் இருக்காங்க, அவங்களோட நான் பேச்சுவார்த்தை வெச்சுக்கறதில்ல.

விஸ்கி சவர் இதுக்கு நேர் எதிர், எல்லாத் தப்பையும் மன்னிக்கும். ரை 60, எலுமிச்சை ஜூஸ் 22, சிரப் 22, ஐஸ் போட்டு பத்துப் பன்னெண்டு செகண்ட் நல்லா குலுக்கி வடிகட்டினா ஆச்சு. எலுமிச்சை அன்னன்னிக்குப் பிழிஞ்சதா இருக்கணும், பாட்டில்ல அடைச்சு வர்ற ஜூஸ் வேண்டவே வேண்டாம், இந்த ஒரு விஷயத்துல மட்டும் சமரசம் கிடையாது. பர்பன் ரெசிபியை அப்படியே ரைக்குப் போட்டா சில பேருக்குக் கொஞ்சம் கூர்மையா படும், ரைல அந்த இனிப்பு கம்மி இல்லையா, அப்போ சிரப்பை 2, 3 மில்லி ஏத்திக்குங்க. முட்டை வெள்ளைக்கரு சேர்க்கறது விருப்பம், டேஸ்ட்டுக்கு இல்ல, மேல நிக்கற நுரைக்கும் வாய்ல வழுக்கற மெதுமெதுப்புக்கும்தான். ஒரு கிளாஸுக்கு அரை முட்டை வெள்ளைக்கருவே போதும், முதல்ல ஐஸ் இல்லாம குலுக்கணும், அப்புறம் ஐஸ் போட்டு இன்னொரு ரவுண்டு. ஐஸ் இல்லாம குலுக்கும்போது மூடியை இறுக்கிப் பிடிங்க, சூடு ஆறாத ஆள் மாதிரி அது எப்ப வெடிக்கும்னு தெரியாது, எங்க வீட்டு சீலிங்ல ஒரு கறை இன்னும் சாட்சி சொல்லுது. பச்சை முட்டை வேண்டாம்னா பாஸ்சரைஸ் பண்ணின வெள்ளைக்கரு போடலாம், இல்ல கொண்டக்கடலை வேகவெச்ச தண்ணி ரெண்டு ஸ்பூன் விட்டாலும் நுரை வரும், நம்ப மாட்டீங்க ஆனா வரும்.

சவரோட பெரிய ப்ளஸ், 40 சதவீத ரை கையில இருந்தாலும் தப்பிச்சுக்கலாம், கூட வாங்க வேண்டிய பாட்டில் எதுவுமே இல்ல, விஸ்கியே பிடிக்காதுன்னு சொல்றவங்களும் ரெண்டு வாய் குடிச்சுட்டு இது என்னதுன்னு கேப்பாங்க. மைனஸ் என்னன்னா, இதுல ரையோட குணம் பாதிதான் தெரியும். எலுமிச்சை முன்னாடி உக்காந்துக்கும், ரை பின் சீட்டு. நல்ல ரை வாங்கினவனுக்கு இது ஒரு உறுத்தல்தான்.

இப்போ மன்ஹாட்டன். என் மனசு இதுலதான், ஒளிச்சுப் பிரயோஜனம் இல்ல. ரை 60, இனிப்பு வெர்மூத் 30, அங்கஸ்துரா 2 டேஷ், ஐஸ் போட்டு ஸ்பூனால இருபது முப்பது செகண்ட் கலக்கி, ஃப்ரீசர்ல வெச்சு எடுத்த கிளாஸ்ல ஐஸ் இல்லாம வடிகட்டி, ஒரு செர்ரி. குலுக்காதீங்க, குலுக்கினா காத்துக் குமிழும் ஐஸ் தூளும் சேர்ந்து கலங்கிப்போயிடும், கலக்கினாத்தான் அந்தக் கண்ணாடி மாதிரி சிவப்பும் பட்டு மாதிரி வழுக்கலும் வரும். ரையோட மிளகுக் காரமும் வெர்மூத்தோட இனிப்புக் கசப்பும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சு நிறுத்தும், பர்பன் போட்டா இனிப்பு மேல இனிப்பா சரிஞ்சுடும். ரைன்னு ஒண்ணு எதுக்கு இருக்குன்னு எனக்குப் புரிஞ்சதே இதுலதான்.

இதுக்கு ஒரு பிறந்த கதை சொல்வாங்க, 1874-ல சாமுவேல் டில்டன் நியூயார்க் கவர்னரா ஜெயிச்சதுக்கு மன்ஹாட்டன் கிளப்ல வின்ஸ்டன் சர்ச்சிலோட அம்மா ஜென்னி விருந்து வெச்சாங்க, அப்போ உருவானதுன்னு. அந்த அம்மா அந்த நவம்பர் 30-ஆம் தேதி இங்கிலாந்துல பிளெனிம் அரண்மனைல வின்ஸ்டனைப் பெத்துக்கிட்டு இருந்தாங்க. நல்ல கதை, தேதிதான் இடிக்குது.

பிரச்சினை வெர்மூத். அது விஸ்கி மாதிரி சாராயம் இல்ல, மூலிகை போட்டு கொஞ்சம் ஆல்கஹால் ஏத்தின ஒயின், 15லேர்ந்து 18 சதவீதத்துக்குள்ளதான் பெரும்பாலும் இருக்கும். மூடியைத் திறந்த நிமிஷத்துலேர்ந்து காத்து பட்டு மங்க ஆரம்பிச்சுடும். எனக்கு இது யாரும் சொல்லல. முதல் பாட்டிலை விஸ்கி பக்கத்துலயே ஷெல்ஃப்ல வெச்சுட்டேன், ரெண்டு மன்ஹாட்டன் அமர்க்களமா வந்துச்சு, அப்புறம் மூணு மாசம் வேலை அது இதுன்னு தொடல, ஒரு நாள் திரும்ப பண்ணினா தட்டையா, நனைஞ்ச அட்டைப் பெட்டி மாதிரி ஒரு வாடை, லேசா புளிப்பு வேற. நான் ரையைத் திட்டினேன், பிட்டர்ஸைத் திட்டினேன், ஐஸைக்கூட மாத்திப் பாத்தேன். கடைசில வெர்மூத்தை மட்டும் தனியா ஒரு ஸ்பூன் நாக்குல வெச்சப்போதான் குற்றவாளி யாருன்னு தெரிஞ்சுது. ஃபிரிட்ஜ்ல வெச்சா ஒரு மாசம் நல்லா இருக்கும், ரெண்டு மாசம் சமாளிக்கலாம், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.

இப்போ ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு வாங்க. 750 மில்லி ரை பாட்டில்ல 60 வீதம் ஊத்தினா பன்னெண்டு கிளாஸ் வரும், மிச்சம் ஒரு அரை. 375 மில்லி அரை பாட்டில் வெர்மூத்துல 30 வீதம் ஊத்தினாலும் அதே பன்னெண்டரை! ரெண்டும் அளவெடுத்து தெச்ச மாதிரி ஒண்ணா தீரும். அப்போ உங்க வீட்ல அந்த பன்னெண்டு கிளாஸ் ஒரு மாசம், ஒன்றரை மாசத்துல தீருமா? ஜோடியா உக்காந்து வாரம் ஆளுக்கு ஒண்ணுன்னா ஆறு வாரம், மன்ஹாட்டன் தாராளமா பண்ணுங்க. தனி ஆள், வாரம் ஒண்ணுன்னா பன்னெண்டு வாரம், பாதி வழில வெர்மூத் செத்துடும், உங்களுக்கு ஓல்ட் ஃபேஷன்ட்தான். எப்பவாவது நண்பர்கள் வரும்போது மட்டும்தான் பாட்டில் வெளில வருதுன்னா சவர். பெரிய பாட்டில் வெர்மூத் மில்லிக் கணக்குல லாபமா தெரியும், அந்தக் கணக்குல விழுந்துடாதீங்க, பாதியை சிங்க்ல ஊத்தறது லாபம் இல்ல. எந்த வெர்மூத்துன்னு கேட்டா, கார்பானோ ஆன்டிகா கனமா வெனிலா வாசனையோட இருக்கும், 50 சதவீத ரைதான் அதைத் தாங்கும், டோலின் ரூஜ் லேசானது, 40, 45 ரைக்கு அது போதும்.

சாஸெராக் பத்தி சுருக்கமா முடிச்சுடறேன், ஏன்னா முதல் பாட்டில் ரைக்கு இது வேண்டாம்னுதான் சொல்வேன். நியூ ஆர்லியன்ஸ் சரக்கு, ஆதில இதைக் கோன்யாக் பிராந்தில பண்ணினாங்க, பிரான்ஸ்ல திராட்சைக் கொடிகளை ஃபிலாக்ஸெரா பூச்சி அழிச்சதும் பிராந்திக்குத் தட்டுப்பாடு வந்து ரை அந்த இடத்தைப் பிடிச்சுதுன்னு சொல்வாங்க. ரை 60, சிரப் கொஞ்சம், பெய்ஷோ பிட்டர்ஸ் 3 டேஷ், இதை ஐஸ்ல கலக்கணும், குளிர வெச்ச இன்னொரு கிளாஸ்ல அப்சிந்த்ங்கற சோம்பு வாசனைச் சாராயம் ஒரு ஸ்பூன் விட்டு சுழட்டி மிச்சத்தைக் கொட்டிட்டு, அதுல வடிகட்டி எலுமிச்சைத் தோல் அமுக்கி ஐஸ் இல்லாமக் குடிக்கணும். வாசனை அபாரம், ஒத்துக்கறேன். ஆனா இதுக்குன்னே தனி பிட்டர்ஸ், இதுக்குன்னே தனி அப்சிந்த். 1912-ல அமெரிக்கால அப்சிந்தைத் தடை பண்ணி 2007-லதான் திரும்ப விட்டாங்க, நியூ ஆர்லியன்ஸ்காரங்க நடுவுல 1934-லேர்ந்து ஹெர்ப்செய்ன்ட்னு சோம்பு வாசனையுள்ள ஒண்ணை வெச்சு ஓட்டினாங்க, அதைப் போட்டாலும் தப்பில்ல. அப்சிந்த் கெட்டுப் போகாது, அதான் அதோட சிக்கலே. கிளாஸுக்கு 5 மில்லின்னா 700 மில்லி பாட்டில்ல நூத்து நாப்பது சாஸெராக், உங்க ஷெல்ஃப்ல உங்களைவிட அதிக நாள் இருக்கும். சோம்பு வாசனை உயிர்னா மட்டும் போங்க.

பூலவார்டியேன்னு இன்னொரு காக்டெயிலும் கேப்பாங்க, ரை 45, கம்பாரிங்கற சிவப்புக் கசப்பு மது 30, இனிப்பு வெர்மூத் 30. கசப்பு பிடிச்சவங்களுக்கு அருமை, ஆனா வெர்மூத் பிரச்சினை அப்படியே இருக்கு, மேல கம்பாரி ஒரு பாட்டில் வேற. மன்ஹாட்டன் பண்ணிக்கிட்டு இருக்கற வீட்ல வெர்மூத் சீக்கிரம் தீரணும்னா இதை நடுநடுவுல நுழைக்கலாம், அதுக்கு ரொம்ப உதவும்.

சாமான் விஷயத்துல பயப்படாதீங்க. ஷேக்கர் இல்லன்னா இறுக்கமா மூடற கண்ணாடி ஜாடி போதும், கலக்கறதுக்கு நீளமான ஸ்பூன், வடிகட்ட ஒரு சல்லடை. அளவுக் கிண்ணம் மட்டும் வாங்கிடுங்க, 15, 30, 60 கோடு போட்டது. கண்ணளவுல ஊத்தறவன் முதல் கிளாஸ் சரியா ஊத்துவான், மூணாவது கிளாஸ்ல அவன் கண்ணே அவனுக்குத் தெரியாது. அப்புறம் ஐஸ், ஃப்ரீசர்ல மத்த சாமானோட திறந்து கெடந்த ஐஸ்ல அத்தனை வாசனையும் ஏறி இருக்கும், புதுசா போட்டு மூடி வைங்க. ஓல்ட் ஃபேஷன்டுக்குப் பெரிய கட்டி மெதுவா உருகும், கலக்கவும் குலுக்கவும் சின்னக் கட்டியே போதும், ஏற்கனவே உருகி தண்ணி சொட்டற ஐஸை மட்டும் தவிர்த்துடுங்க, பாதி காக்டெயில் தண்ணியா போயிடும்.

இன்னொரு கணக்கு, இதை யாரும் சொல்றதில்ல. 50 சதவீத ரை 60 மில்லின்னா சுத்த ஆல்கஹால் மட்டும் 30 மில்லி, எடைல 24 கிராம் கிட்ட. வெர்மூத்தும் சேர்ந்தா ஒரு மன்ஹாட்டன் 27 கிராம் வரும். அமெரிக்காவுல ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க்னா 14 கிராம். ஆக சின்ன கிளாஸ்ல அழகா நிக்கற ஒரு மன்ஹாட்டனே ரெண்டு டிரிங்க், ரெண்டு மன்ஹாட்டன் குடிச்சவர் நாலு குடிச்சிருக்கார், அவர் கைல வண்டி சாவி இருக்கக் கூடாது. ஓல்ட் ஃபேஷன்டும் இதுக்கு ரொம்பக் குறைச்சல் இல்ல, ஆனா ஐஸோட இருக்கறதால மெதுவாப் போகும், மன்ஹாட்டன் சூடேறிடுமோன்னு அவசரமா உள்ள போயிடும், அந்த வித்தியாசம் இருக்கு.

நான் இப்போ என்ன பண்றேன்னா, புது ரை பாட்டில் திறந்ததும் முதல் கிளாஸ் ஓல்ட் ஃபேஷன்ட், இந்த பாட்டிலோட குணம் என்னன்னு தெரிஞ்சுக்க. யாராவது வந்தா சவர். பாட்டில் பாதிக்கு வந்து, வர்ற மூணு நாலு வாரத்துக்கு வீட்ல ஆள் இருக்கும்னு தெரிஞ்சா மட்டும் அரை பாட்டில் வெர்மூத் வாங்கி, திறந்த தேதியை மார்க்கர்ல அது மேலயே எழுதி ஃபிரிட்ஜ் கதவுல நிறுத்திடுவேன். மீதி ஆறு கிளாஸும் மன்ஹாட்டன்தான், வெர்மூத்துல மிச்சம் இருக்கற பாதி சமையலுக்குப் போயிடும்.